ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் பிள்ளையின் குணமும்: வாசகர் கேள்வி – பதில்

பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ குறித்த பாலும், ஒருவர் தன்னை உள்ளுக்குள் உணரும் பாலினமும் பொருந்தாமல் போவதால் வரும் தீராத வேதனையை ‘ஜெண்டர் டிஸ்ஃபோரியா’ என்கிறார்கள் மருத்துவர்கள். தமிழில் பாலின மனவுளைச்சல் எனலாம். இதை ஒட்டி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களின் பெயர்களை நீக்கிவிட்டோம்.

என் மகளுக்கு 19 வயது. ஒன்றரை வருஷமாக “நான் பையன்மா” என்கிறாள். சைக்காலஜிஸ்டிடம் கூட்டிப்போனோம். 567 கேள்விக்கு சரி, தவறு என்று டிக் அடிக்கிற டெஸ்ட் வைத்தார்கள். ரிப்போர்ட்டில் 4, 6, 8 ஸ்கேல் உயர்வு என்றும், ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி ட்ரெய்ட்ஸ்’ என்றும் போட்டிருக்கிறது. அந்தக் குணக்கோளாறால்தான் இப்படிச் சொல்கிறாளா? அதைச் சரிசெய்தால் இது போய்விடுமா?
— ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

போகாது அம்மா. அந்த ரிப்போர்ட்டை நீங்கள் பயப்படுகிற விதத்தில் படிக்கவும் வேண்டாம்.

உங்கள் பிள்ளைக்கு வைத்தது எம்.எம்.பி.ஐ.-2. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உருவாகி 1943-இல் வெளிவந்த சோதனையை 1989-இல் திருத்தி அமைத்தது. விடைகளைக் கூட்டி ‘டி ஸ்கோர்’ ஆக்குவார்கள். 50 சராசரி, 65-ஐத் தொட்டால் உயர்வு. எந்தெந்த ஸ்கேல் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். நான்காவதில் வீட்டில் சண்டை உண்டா, பெரியவர்களோடு ஒத்துப்போகிறாயா என்ற ரகக் கேள்விகள் நிறைய. முடி வெட்டுவதற்கும் சுடிதாருக்கும் ஒன்றரை வருஷமாக வீட்டில் மல்லுக்கட்டும் பிள்ளை அதற்கு என்ன விடை எழுதும்? ஆறாவது சந்தேகத்தை அளக்கிறது: பிறர் என்னைக் கவனிக்கிறார்கள், என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற ரகம். டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும் ஒருவருக்கு அது சந்தேகமல்ல, தினசரி அனுபவம். எட்டாவதில் தனிமையும், தன் உடம்பே தனக்கு அந்நியமாகத் தெரிவதும் வரும். இந்த மூன்றும் சேர்ந்து ஏறியிருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சோதனை பொய் என்று சொல்லவரவில்லை. தெர்மாமீட்டர் 102 காட்டினால் காய்ச்சல் உண்மை. டெங்குவா டைபாய்டா என்று அது சொல்லாது. இந்தப் பிள்ளை மிகுந்த வேதனையில் இருக்கிறது என்பதை உங்கள் ரிப்போர்ட் சரியாகவே காட்டுகிறது. அந்த வேதனை எங்கிருந்து வருகிறது என்பதை நேரில் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்தது ‘பார்டர்லைன்’. உணர்ச்சியும் உறவும் ‘நான் யார்’ என்பதும் நிலையில்லாமல் ஆடும் ஆளுமைக் கோளாறு இது; ‘ட்ரெய்ட்ஸ்’ என்றால் அதன் சாயல்கள். இந்த நோய்க்கணிப்புக்கு ஒன்பது அடையாளங்கள் உண்டு. குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். அதில் ஒன்று, ‘தான் யார் என்பதில் நிலையின்மை’. அவசரக்காரர் கையில் சிக்கினால் “நான் பையன்” என்பதையே இதற்குச் சான்றாக டிக் போட்டுவிடுவார். கையைக் கீறிக்கொண்டது, கோபம், மனசு வெறுமை, ‘விட்டுவிடுவார்களோ’ என்ற பயம் நான்கையும் சேர்த்தால் ஐந்து முடிந்தது. அந்த நான்கும் மனச்சோர்விலும் வரும், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று நிஜமாகவே பயப்படும் பிள்ளைக்கும் வரும்.

உண்மையான பார்டர்லைனில் ‘நான்’ எல்லாப் பக்கமும் ஆடும். படிப்பு, லட்சியம், நம்பிக்கை, நட்பு எல்லாம் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அதற்கேற்ப மாறும். மனநிலை சில மணி நேரத்துக்குள் தலைகீழாகும். பாலின மனவுளைச்சலில் ‘நான்’ அப்படி ஆடாது. யார் எதிரில் இருந்தாலும், எத்தனை மாதம் போனாலும் அந்த ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வரும்.

உளவியலாளரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ‘ட்ரெய்ட்ஸ்’ என்பது டெஸ்டை மட்டும் வைத்து எழுதியதா, வரையறுத்த நேர்காணலும் செய்தார்களா? ஆளே நிரப்பும் படிவங்கள் ஆளுமைக் கோளாறைக் கூடுதலாகவே காட்டும். பாலினப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணினால் எத்தனை அடையாளம் மிஞ்சுகிறது? டெஸ்ட் எழுதிய வாரம் பிள்ளை மனச்சோர்வில் இருந்ததா? சோர்ந்திருப்பவர் தன் குணத்தையே கறுப்பாக எழுதுவார். சோர்வு தெளிந்தபின் அதே சோதனை வேறு படம் காட்டுவது சாதாரணம்.

இரண்டுமே ஒருவரிடம் இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அப்படியானால் உணர்ச்சிக் கொந்தளிப்புக்கு டி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சை உண்டு. கையைக் கீறுவது குறையும், கோபம் கைக்குள் வரும். “நான் பையன்” என்பதை மாற்ற அதில் எந்தப் பாடமும் கிடையாது.

திருநர் ஒருவரின் எம்.எம்.பி.ஐ.-2 ப்ரொஃபைலை ஆண் ஷீட்டில் போடுவதா, பெண் ஷீட்டிலா? சீனியர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
— எம்.ஃபில். பயிற்சி மாணவி, சென்னை

இந்தச் சோதனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் டி ஸ்கோர் அட்டவணை தனித்தனி. இரண்டிலும் போடுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி நிற்கும் ஸ்கேலை நம்பி எழுதலாம். ஷீட் மாறினால் 65-க்கு மேலும் கீழும் தாவும் ஸ்கேலைப் பற்றி முடிவு கட்ட வேண்டாம். எந்த அட்டவணையைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ரிப்போர்ட்டின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். அடுத்து படிப்பவருக்கு அது தெரியாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை. 2008-இல் வந்த ஆர்.எஃப். பதிப்பிலும் 2020-இல் வந்த எம்.எம்.பி.ஐ.-3-லும் இந்தத் தலைவலி இல்லை. இரு பாலருக்கும் பொது அட்டவணைதான்.

ஐந்தாவது ஸ்கேலில் பெண்களுக்குக் கணக்கு தலைகீழாக ஓடும் என்பதை மறந்து, பெண்ணாகக் குறிக்கப்பட்டுப் பிறந்து தன்னை ஆணாக உணரும் திருநம்பி ஒருவரின் ரிப்போர்ட்டைத் தப்பாக எழுதுவது பழைய தவறு. அந்த ஸ்கேல் பழைய காலத்து ‘ஆண் ரசனை, பெண் ரசனை’யை அளப்பது, பாலின மனவுளைச்சலைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. இன்னொன்று: கேள்விகளை உட்கார்ந்த இடத்தில் தமிழாக்கி வாசித்துக்காட்டி எடுத்த ஸ்கோருக்குத் தரநிலை கிடையாது. அதைச் செய்துவிட்டு டி ஸ்கோர் எழுதாதீர்கள்.

இது மனநோயா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
— வாசகர், ஈரோடு

இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 இதை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்து, பாலியல் உடல்நலம் சார்ந்த அத்தியாயத்தில் ‘பாலினப் பொருந்தாமை’ என்ற பெயரில் வைத்திருக்கிறது. 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-இல் ‘அடையாளக் கோளாறு’ என்ற பெயரைக் கைவிட்டு ‘டிஸ்ஃபோரியா’ என்று மாற்றியது. அடையாளத்தை விட்டுவிட்டு வேதனைக்கு மட்டும் மருத்துவப் பெயர் வைத்தது. வளர்ந்தவர்களுக்கு ஆறு அடையாளங்களில் குறைந்தது இரண்டு, ஆறு மாதமாவது, அன்றாட வாழ்வைக் கெடுக்கும் அளவு வேதனையோடு இருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். பிறகு எதற்கு மனநல மருத்துவர் என்றால், கூடவே வரும் சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும்.

நான் திருநம்பி, வயது 24. இரண்டு வருஷமாக டிப்ரஷன். “முதலில் டிப்ரஷன் முழுசாகப் போகட்டும், அப்புறம் ஹார்மோன் பார்க்கலாம்” என்கிறார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அது எப்போது முழுசாகப் போகும்? சில நாள் மூச்சே முட்டுகிறது. ‘பேனிக் அட்டாக்’ என்கிறார்கள்.
— கோவை

மூச்சு முட்டுவதிலிருந்து தொடங்குவோம். மார்பு தட்டையாகத் தெரிய எதைக் கொண்டு கட்டுகிறீர்கள்? கிரேப் பேண்டேஜ் என்றால் இன்றே நிறுத்துங்கள். அது சுளுக்குக்கானது, மூச்சு இழுக்க இழுக்க இறுகும். விலா வலி, தலைசுற்றல், படபடப்பு எல்லாம் வரும். பேனிக் அட்டாக்கிலும் இவையேதான். அதற்கென்றே தைத்த பைண்டராக இருந்தாலும் ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போதும் ஓடும்போதும் கழற்றிவிடுங்கள். கட்டாத நாளிலும் மூச்சு முட்டினால் அதைப் பதற்றமாக எடுத்து வைத்தியம் பார்க்கலாம்.

இனி ‘முழுசாகப் போகட்டும்’ என்ற பேச்சு. திருநர் மருத்துவத்துக்கான உலக வல்லுநர் அமைப்பான டபிள்யூபாத் 2022-இல் வெளியிட்ட எட்டாவது வழிகாட்டு நெறிகளின்படி, மனநலச் சிக்கல் இருப்பது மட்டுமே ஹார்மோன் சிகிச்சைக்குத் தடையல்ல. சிகிச்சையின் பலனையும் பாதிப்பையும் புரிந்துகொண்டு முடிவெடுக்க முடிகிறதா, நடுவில் நின்றுபோகாமல் தொடர முடியுமா என்பவையே கேள்வி. கட்டுக்கடங்காத சைக்கோசிஸ் (நிஜம் எது என்பதே பிடிபடாத நிலை), மேனியா (எல்லை மீறிய உற்சாக நிலை), இன்றோ நாளையோ என்றிருக்கும் தற்கொலை எண்ணம் இருந்தால் முதலில் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். வேலைக்குப் போய்வரும் அளவு மனச்சோர்வு அந்த வகையில்லை. காலில் முள் இருக்கும்வரை வலி முழுசாகப் போகாது.

டாக்டரோடு வாதாடுவதைவிட ஒரு நோட்டு கொண்டுபோவது நல்லது. நான்கு வாரம், தினமும் இரவில் ஐந்தே கட்டம்: தேதி, மனநிலை 0-இலிருந்து 10-க்குள், தூங்கிய மணி, மாதவிடாய் நாளா இல்லையா, அன்று நடந்த ஒரு விஷயம். மனச்சோர்வு என்றால் எண் எல்லா நாளும் கீழே கிடக்கும். பிடித்த பாட்டும் சாப்பாடும் ருசிக்காது. விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வரும். பாலின மனவுளைச்சலில் எண் மேலும் கீழும் குதிக்கும். குளிக்கும்போதும், மாதவிடாயிலும், யாராவது ‘மேடம்’ என்றாலும் விழும். நண்பர் ‘மச்சான்’ என்று தோளில் கைபோட்டால் ஏறும். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்பதை அந்த நான்கு வாரம் காட்டிவிடும். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை சரியான அளவில் 4 முதல் 6 வாரம் போனால்தான் வேலை செய்கிறதா என்று சொல்ல முடியும். ‘சரியாகிவிட்டது’ என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். தலைக்குள் ஷாக் அடிப்பது போல இருக்கும், அது நோய் திரும்பியதாகத் தோன்றும்.

ஹார்மோன் தொடங்கிய பிறகும் நோட்டை விடாதீர்கள். 250 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுபவர்களுக்கு முதல் சில நாள் துள்ளலும் கடைசி வாரத்தில் அசதி, எரிச்சலும் வருவதுண்டு. ஊசி போட்ட தேதியைக் குறித்தால் இது ஆளின் குணமல்ல, ஊசியின் ஏற்ற இறக்கம் என்று புரியும். அளவைக் குறைத்து இடைவெளியையும் குறைத்துக் கேட்கலாம். முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் ரத்தம் தடித்துவிட்டது என்று பொருள். டோஸை மாற்றியாக வேண்டும்.

நான் திருநங்கை. எங்கள் திருநங்கையர் ஜமாத்தில் அக்கா ஒருத்தர் சொல்லி மாலா-டி கருத்தடை மாத்திரை தினம் நாலு போடுகிறேன். இப்போது பைபோலார் (மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் நோய்) என்று லித்தியமும் லாமோட்ரிஜினும் எழுதியிருக்கிறார்கள். மாலா-டி விஷயத்தைச் சொன்னால் டாக்டர் திட்டுவாரா?
— விழுப்புரம்

திட்டினாலும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து எழுதுகிறார்.

மாலா-டி அட்டையில் 28 மாத்திரை. 21-இல் மட்டுமே ஹார்மோன். நிறம் மாறியிருக்கும் 7 மாத்திரை வெறும் இரும்புச்சத்து. ஹார்மோன் மாத்திரை ஒவ்வொன்றிலும் எத்தினைல் எஸ்ட்ராடையால் 30 மைக்ரோகிராம், லெவோநார்ஜெஸ்ட்ரெல் 150 மைக்ரோகிராம். நாலு போட்டால் 120 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையால். காலில் ரத்தக்கட்டு உண்டாக்குவதில் இது பெயர்போனது. சிகரெட் பிடித்தால் இன்னும் மோசம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலும், திடீரென நெஞ்சுவலி, மூச்சிரைப்பு வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள்; 108-ஐக் கூப்பிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், லெவோநார்ஜெஸ்ட்ரெலுக்கு ஆண் ஹார்மோனின் சாயல் கொஞ்சம் உண்டு. பெண்மைக்காக விழுங்குவதிலேயே அதற்கு எதிரானதும் சேர்ந்து போகிறது.

லாமோட்ரிஜினோடு சேரும்போது சிக்கல் வேறு. எத்தினைல் எஸ்ட்ராடையால் அந்த மருந்தை ஈரல் வழியாக வேகமாக வெளியேற்றி, ரத்தத்தில் அதன் அளவைப் பாதிக்குப் பக்கமாக இறக்கிவிடும். மனநிலை மறுபடி ஆடும்; ‘மருந்து கேட்கவில்லை’ என்று டாக்டர் டோஸை ஏற்றுவார். நீங்கள் ஒருநாள் மாலா-டியை நிறுத்துவீர்கள். ஏற்றிய டோஸ் முழுசாக ரத்தத்தில் நிற்கும், தலைசுற்றும், பார்வை இரண்டிரண்டாகும். ஆகவே மாலா-டியை நிறுத்துவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

முகத்து முடி குறைய ஸ்பைரனோலாக்டோனும் யாராவது கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அது லித்தியத்தின் அளவை ஏற்றக்கூடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாட்டம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுப்பது கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இருக்க வேண்டும். காலையில் மாத்திரை போட்டுவிட்டுப் போய்க் கொடுத்தால் எண் தப்பாக வரும். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பார்த்தால், ரத்தக்கட்டு அபாயம் குறைவான எஸ்ட்ராடையாலை அளவு பார்த்து எழுதுவார். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் திருநர்களுக்கான பிரிவில் கேளுங்கள்.

என் பையனுக்கு 16 வயது, ஆட்டிசம் உண்டு. “நான் பொண்ணு” என்கிறான். ரயில், மேப் என்று எதிலாவது ஒன்றில் மூழ்குவது அவன் வழக்கம். இதுவும் அப்படித்தானா?
— ஒரு தந்தை, தஞ்சாவூர்

இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமல்ல. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவலை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், பாலின மாற்று அடையாளம் கொண்டவர்களிடம் ஆட்டிசம் மற்றவர்களைவிட 3 முதல் 6 மடங்கு அதிகம் காணப்பட்டது. ரயில் பற்றிப் பேசும்போது பிள்ளையின் முகம் மலரும். இதைப் பற்றிப் பேசும்போது மலர்கிறதா, நோகிறதா என்று பாருங்கள். சட்டைக் காலர் உறுத்துவதால் நைட்டி பிடிக்கிறதா, நைட்டி பெண்ணுடை என்பதால் பிடிக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். வாயால் கேட்காமல் தாளில் எழுதிக் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று, பதிலுக்கு ஒருநாள் அவகாசம். “ஆட்டிசப் பிள்ளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்” என்று அவர் காதுபடப் பேசாதீர்கள்.

ஊரில் ஒரு சென்டரில் மூன்று மாதம் வைத்திருந்து ‘மாற்றி’ அனுப்புகிறார்களாம். பெரியப்பா வற்புறுத்துகிறார்.
— ஒரு தந்தை, சேலம்

அனுப்பாதீர்கள். பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடைசெய்தது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் தெளிவு வேண்டும் என்று உளவியலாளரிடம் அமர்ந்து பேசிவிட்டுத்தான் எழுதினார். பெரியப்பாவிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. செய்பவர் டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அங்கே போய்வரும் பிள்ளைகள் மாறி வருவதில்லை. வீட்டில் உண்மை பேசக்கூடாது என்று கற்றுக்கொண்டு வருகிறார்கள். மாறிவிட்டதாகப் பெற்றோர் நம்புவது அந்த மௌனத்தைத்தான்.

தம்பி என்று வளர்த்தவள் இப்போது எனக்குத் தங்கை. இரண்டு நாளாக “நான் இருந்து என்ன” என்கிறாள். அதைப் பற்றிக் கேட்டால் எண்ணத்தைக் கிளறிவிட்டதாக ஆகுமா?
— ஓர் அக்கா, மதுரை

ஆகாது. நேராகவே கேளுங்கள்: “செத்துப்போகணும்னு தோணுதா?” கேட்பதால் எண்ணம் வராது, கேட்க ஆள் இருக்கிறது என்று தெரியும். ஆமாம் என்றால் அடுத்ததையும் கேளுங்கள்: எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது, அதற்கான பொருள் கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் இருந்தால் இன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவு. இல்லாவிட்டாலும் வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மொத்த மாத்திரை அட்டைகளையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். இன்றிரவு அவளோடு ஒரே அறையில் படுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், 104-உம் உண்டு. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனவழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார், குற்றவாளியாக அல்ல.

அமெரிக்காவில் 2015-இல் 27,715 திருநர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 40 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னார்கள். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘சும்மா மிரட்டுகிறாள்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் பதில் சொல்ல இது உதவும். குடும்பம் ஏற்றுக்கொண்டவர்களிடம் முயற்சி குறைவு என்பதும் அதே கணக்கெடுப்பில் இருக்கிறது.

அக்கா பிள்ளையை “வாடி, போடி” என்றே பத்தொன்பது வருஷம் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இப்போது பையன் என்கிறது. வாய் வரமாட்டேன் என்கிறது.
— ஒரு சித்தி, நாகர்கோவில்

தமிழ் உங்களுக்கு நிறைய வசதி செய்து வைத்திருக்கிறது சித்தி. ‘கண்ணு’, ‘தங்கம்’, ‘சாமி’, ‘மக்கா’ எதிலும் ஆண், பெண் இல்லை. மூன்றாம் ஆளிடம் பேசும்போது ‘பிள்ளை வந்துச்சு, சாப்பிட்டுச்சு’ என்றால் போதும். நீங்களே கடிதத்தில் ‘என்கிறது’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். சிக்குவது ‘டி’யில்தான். ஒரு நாளில் எத்தனை முறை ‘டி’ போடுகிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். அத்தனை முறையும் அந்தப் பிள்ளைக்கு முள். முதல் மாதம் ‘டி’யை மட்டும் விடுங்கள், ‘வா, போ’ என்று நின்றால் போதும். ‘டா’ தானாக வரும், வரும்போது வரட்டும். தவறி ‘வாடி’ வந்துவிட்டால் “சரி, வா” என்று திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். உட்கார்ந்து கால்மணி நேரம் அழுது மன்னிப்புக் கேட்டால், உங்களைத் தேற்றுகிற வேலையும் அந்தப் பிள்ளை தலையில் விழும்.